முத்து மோதிரமா, சிப்பி பற்பமா, கால்சியம் மாத்திரையா? எங்க வீட்டு பஞ்சாயத்து

போன தை மாசம் அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தோம், டெக்ஸான்னு சொல்வாங்களே, அது. ஆஸ்டியோபீனியான்னு வந்துச்சு, அதாவது எலும்பு தேய ஆரம்பிச்சிருக்கு, ஆனா ஆஸ்டியோபோரோசிஸ் அளவுக்கு இன்னும் போகல. அம்மாவுக்கு 64 வயசு, தைராய்டு மாத்திரை பல வருஷமா ஓடிட்டு இருக்கு, நெஞ்செரிச்சலுக்கு தினமும் ஒரு பாண்டோப்ரசோல், முட்டி வலி தனி ட்ராக். டாக்டர் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதிக் குடுத்தாரு. அத்தோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்தான், ஆனா எங்க குடும்பத்துல ஒரு பிரிஸ்கிரிப்ஷன் வந்தா அதுக்கு நாலு பேர் கையெழுத்து போட்டாதான் செல்லும்.

மேற்கு மாம்பலம் சித்தி முதல்ல வந்தாங்க, கையோட அவங்க ஜோசியரையும் போன்ல கூட்டிட்டு வந்தாங்க. அம்மாவுக்கு விருச்சிக ராசி, சந்திரன் நீசம், அதனால வெள்ளில கட்டின முத்து மோதிரம், திங்கக்கிழமை காலைல, சுண்டு விரல்ல. வில்லிவாக்கம் பெரியப்பாவுக்கு இதெல்லாம் வேஸ்ட், முத்த விரல்ல மாட்டி என்னம்மா பிரயோஜனம், அத உள்ளுக்கு சாப்பிடணும், சித்த வைத்தியத்துல பற்பம், அதாவது சுட்டு எடுத்த பொடி, இருக்குன்னாரு. கீழ் வீட்டு மாமி ஆன்லைன்ல வரவழைச்ச ஒரு முத்து பிஷ்டி, அதாவது சுடாம அரைச்ச முத்துப் பொடி பாக்கெட்ட கொண்டு வந்து டேபிள்ல வெச்சாங்க. பெங்களூர்ல இருக்குற அண்ணன் வீடியோ கால்ல "டாக்டர் குடுத்தத போடுங்கம்மா, தயவு செஞ்சு" அப்படின்னு சொல்லிட்டு வெச்சுட்டான். அம்மா யாரையும் எதிர்க்கல, எல்லாத்துக்கும் தலைய ஆட்டினாங்க, ஆனா கண்ணு மோதிரத்து மேலதான் இருந்துச்சு, எனக்கு தெரியும்.

ஆறு மாசம் இத நோண்டினதுல நான் புரிஞ்சுக்கிட்டத எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, வைத்தியரும் இல்ல, கிண்டில ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறவ, அதனால எதையும் விலைய வெச்சு பாக்குற புத்தி ஜாஸ்தி.

மோதிரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். தி.நகர்ல ஒரு கடை, சௌகார்பேட்டைல ஒரு கடை, ரெண்டுலயும் கேட்டோம். கடைக்காரர் முதல் கேள்வியே "நேச்சுரலா, கல்ச்சர்டா?" ஜோசியர் இயற்கை முத்துதான் வேலை செய்யும்னு சொல்லி அனுப்பியிருந்தாரு. கடைக்காரர் சிரிச்சுட்டு, இயற்கை முத்துக்கு நீங்க பாட்டி நகைய தேடணும்மா, புதுசா எங்க வருதுன்னாரு. அது உண்மைதான். தூத்துக்குடி மன்னார் வளைகுடாவுல கொற்கை காலத்துல இருந்து முத்துக் குளிச்சாங்க, கடைசியா பெருசா குளிச்சது 1961 வாக்குல, அதோட சரி. ஜப்பான்ல மிகிமோட்டோ 1893-ல சிப்பிக்குள்ள கை வெச்சு முத்து வளக்க ஆரம்பிச்சாரு, தூத்துக்குடில நம்ம மத்திய கடல் மீன் ஆராய்ச்சிக்காரங்க 1973-ல அத செஞ்சு காட்டினாங்க. இன்னிக்கு கடைல இருக்குறதுல முக்கால்வாசிக்கு மேல வளத்த முத்துதான். இதுல ஒரு வேடிக்கை, உருண்டையா பெருசா இருக்குற கடல் முத்துக்குள்ள பெரும்பாலும் சிப்பி ஓட்டுல கடைஞ்ச ஒரு மணிதான் இருக்கும், அதுக்கு மேல அந்த சிப்பிப் பிராணி மெல்லிசா பூசுன பூச்சுக்குதான் நாம காசு குடுக்குறோம். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

மோதிரம் உடம்புக்கு எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா சொல்ற பதில், கல்லு கிரகத்தோட கதிர இழுத்து தோல் வழியா உள்ள அனுப்புது, அதனால மோதிரத்துக்கு அடில ஓட்டை விட்டு கட்டணும், கல்லு விரல தொடணும். நான் சும்மா யோசிச்சேன், முத்தும் பவளமும் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுற கல்லே இல்ல, வைரம் நீலம் மாதிரி பளபளன்னு உள்ள தெரியாது, அப்புறம் அதுக்குள்ள கதிர் எப்படி புகுந்து வரும்? சித்தி கிட்ட கேட்டேன். "எல்லாத்துக்கும் கேள்வி கேக்காத டீ" அப்படின்னாங்க. தோல் வழியா கால்சியம் உள்ள போறதுக்கும் வழி இல்ல, முத்து வேர்வைல கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். மோதிரம் போட்டா எலும்பு வலுக்கும்னு யாராவது விளம்பரம் பண்ணி வித்தா அது 1954-ஆம் வருஷத்து மருந்து மாந்திரீக விளம்பர சட்டத்துக்குள்ள வரும், தாயத்து கவசத்துக்கெல்லாம் அற்புத சக்தி இருக்குன்னு சொல்லி நோய குணமாக்குறதா விளம்பரம் குடுக்கக் கூடாது. அதனாலதான் விவரமான கடைக்காரங்க யாரும் எழுதி குடுக்க மாட்டாங்க, வாயால சொல்றதோட நிறுத்திக்குவாங்க.

ஆனா மோதிரத்த பத்தி ஒரு நல்ல விஷயம் சொல்லணும், அது உடம்புக்குள்ள போகாது. கெடுதல் பண்ணாது. பர்ஸுக்கு மட்டும்தான் கெடுதல். வெள்ளில சின்ன நன்னீர் முத்து வெச்சு கட்டினா பெருசா ஒன்னும் ஆகாது, தங்கத்துல தென்கடல் முத்துன்னு போனா நாப்பதாயிரம் அம்பதாயிரம்னு எங்களுக்கு கொட்டேஷன் வந்துச்சு, அதுல பாதி தங்கத்தோட விலை.

பவளம் வேணும்னாலும் இதே கதைதான், ஆனா ஏமாத்து இன்னும் ஜாஸ்தி. மண்ணடி பக்கம் பவளக்காரத் தெருன்னு ஒன்னு இருக்கு, தெரியுமா? கம்பெனி காலத்துல இத்தாலில லிவோர்னோ துறைமுகத்துல இருந்து மத்தியதரைக் கடல் பவளம் இங்க வந்து இறங்கும், அதுக்கு மாத்தா கோல்கொண்டா வைரம் அங்க போகும், யூத வியாபாரிங்க இத நடத்தினாங்க. அந்த தெரு வழியா எத்தனை தடவை போயிருக்கேன், பேருக்கு அர்த்தம் இவ்ளோ லேட்டா தெரிஞ்சுது. இப்போ மார்க்கெட்ல பவளம்னு விக்கிறதுல மூங்கில் பவளம்ங்கற வேற ரகத்துக்கு செவப்பு சாயம் ஏத்தினது நிறைய. பஞ்சுல அசிட்டோன் தொட்டு தேச்சா சில சாயம் பஞ்சுல ஒட்டிக்கும், அதுக்கே கடைக்காரர் மூஞ்சி மாறும்.

இப்போ சமையக்கட்டுக்கு வாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு எண்ணம் வந்துச்சு. பெசன்ட் நகர் பீச்சுல பொறுக்கின ஒரு சிப்பி ஓட்ட அம்மில வெச்சு நுணுக்கினேன். பாட்டியோட அறுந்து போன பவள மாலைல இருந்து உடைஞ்ச ஒரு துண்டு எடுத்தேன். பாட்டி தோட்டுல இருந்து விழுந்த ஒரு கெம்புக் கல்லும், அதாவது மாணிக்கம், டப்பால கிடந்துச்சு. மூணையும் மூணு சின்ன எவர்சில்வர் தட்டுல வெச்சு மேல எலுமிச்சை சாறு பிழிஞ்சேன். சிப்பி பொடி உடனே நுரை கட்டுச்சு, காத கொண்டு போய் பக்கத்துல வெச்சா சொர்ருன்னு சின்ன சத்தம், சோடா பாட்டில் தொறந்த மாதிரி. பவளத்து மேல பொடிப்பொடியா முத்துக் கொப்பளம். கெம்பு? ஒன்னுமே இல்ல, குளிச்சுட்டு உக்காந்திருக்குற மாதிரி இன்னும் பளபளன்னு இருந்துச்சு. அம்மா வந்து பாத்துட்டு "பாட்டி பவளத்த ஏன் டீ நாசம் பண்ற"ன்னு ஒரு அதட்டல்.

இதுதான் மொத்த விஷயமும். முத்து, பவளம், சிப்பி, சங்கு, பலகரைன்னு சொல்ற சோழி, எல்லாம் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டா கரையும், கரியமில வாயு வரும், அதனாலதான் சங்கு பற்பம் சாப்பிட்டா நெஞ்செரிச்சலுக்கு கேக்குது, வயித்துல இருக்குற அமிலத்த அது முறிக்குது, கூடவே ஒரு ஏப்பம். மாணிக்கம், நீலம், புஷ்பராகம் மூணும் குருந்தக்கல் ஜாதி, அலுமினியம் ஆக்சைடு, கடினத்துல பத்துக்கு ஒம்போது, வயித்து அமிலத்துக்கெல்லாம் மசியாது. வைரம் வெறும் கரி, மரகதமும் வைடூரியமும் பெரிலியம் சேந்த கல்லு, அதுங்களும் கரையாது. அதாவது நவரத்தினம்னு ஒரே மாலைல கோத்து வெச்சிருக்கோமே தவிர, மருந்துன்னு வந்தா முத்தும் பவளமும் ஒரு பக்கம், மத்த ஏழும் வேற பக்கம். முத்தும் பவளமும் கல்லே இல்ல, கடல் பிராணி கட்டின வீடு. எங்க அம்மா முட்டை கூட தொட மாட்டாங்க, சங்கு பற்பம்னா மட்டும் சைவம், இது வேற கதை.

பெரியப்பா சொன்ன வழிக்கு வர்றேன். அரும்பாக்கத்துல அறிஞர் அண்ணா இந்திய மருத்துவ ஆஸ்பத்திரி இருக்கு, தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, திருவான்மியூர்ல இம்காப்ஸ் கடை இருக்கு. நாங்க அரும்பாக்கம் போனோம், வில்லிவாக்கத்துல இருந்து பெரியப்பாவுக்கு கிட்ட. ஓ.பி. சீட்டு போட்டு உக்காந்தோம். டாக்டரம்மா சின்னப் பொண்ணு, நாடி பாத்தாங்க, அப்புறம் பெரியப்பா எதிர்பாக்காத கேள்வியெல்லாம் கேட்டாங்க. தைராய்டு மாத்திரை எத்தனை மணிக்கு போடுறீங்க? கிட்னில கல்லு வந்திருக்கா? இங்கிலீஷ் டாக்டர் கால்சியம் எழுதியிருக்காரா, சீட்ட காட்டுங்க. சீட்ட பாத்துட்டு, "நான் பற்பம் குடுத்தாலும் அதுவும் கால்சியம்தாம்மா, ரெண்டையும் சேத்து போட்டா ஜாஸ்தியா போயிடும், ஒன்ன நிறுத்தணும்" அப்படின்னாங்க. பெரியப்பா மூஞ்சி சுருங்கிடுச்சு.

நான் சும்மா இருக்காம கேட்டேன், முத்து பற்பம் நல்லதா, முத்துச்சிப்பி பற்பம் நல்லதா? வேலை கிட்டத்தட்ட ஒன்னுதான், விலைதான் வேறன்னாங்க. இது இந்த காலத்து ஆளு சொல்ற சமாளிப்பு இல்ல, ஆயுர்வேதத்துல பிரதிநிதி திரவியம்னு பழைய ஏற்பாடே இருக்கு, முத்து கிடைக்கலன்னா முத்துச்சிப்பிய போட்டுக்கோன்னு. அந்த காலத்து வைத்தியருக்கே முத்து விலை தெரிஞ்சிருக்கு, நோயாளியோட மடியும் தெரிஞ்சிருக்கு.

பற்பம் எப்படி பண்றாங்கன்னு அங்க ஒரு ஸ்டூடண்ட் பையன் எனக்கு ஆர்வமா சொன்னான், எனக்கு அது ரொம்ப பிடிச்சுது. முதல்ல சுத்தி, அதாவது அழுக்கு விஷம் எடுக்குறது. வைரத்துக்கு கூட கொள்ளு கசாயத்துல வேக வெச்சு சுத்தி பண்ற முறை உண்டாம். அப்புறம் கல்வத்துல, அதாவது மருந்து அரைக்கிற கல் உரல்ல, போட்டு மூலிகை சாறு விட்டு அரைப்பு, மணிக்கணக்கா, நாள்கணக்கா. வழுவழுன்னு வந்ததும் வில்லை தட்டி வெயில்ல காய வெச்சு, அகல்ல வெச்சு இன்னொரு அகலால மூடி, சீலைமண் பூசி, வறட்டி அடுக்கி புடம். ஆறினதும் எடுத்து மறுபடி அரைச்சு மறுபடி புடம். சரியா வந்துச்சான்னு பாக்க, ஒரு சிட்டிகை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சா ரேகைக்குள்ள போய் படியணும், தண்ணி மேல மெதுவா தூவினா மிதக்கணும், நாக்குல வெச்சா ருசி இருக்கக் கூடாது, வெளிச்சத்துல மினுக்கக் கூடாது. அந்தப் பையன் விரல நீட்டி காட்டினான், ரேகையெல்லாம் வெள்ளை கோலம் போட்ட மாதிரி. இத நெய்யிலயோ தேன்லயோ குழைச்சு குடுக்குறாங்க, அனுபானம்னு சொல்றது அதத்தான்.

இங்க ஒரு சந்தேகம் கேக்காம இருக்க முடியல. முத்துல இருக்குற கார்பனேட் அரகோனைட் வடிவம், சூடு நானூறு டிகிரிக்கு மேல போனா கால்சைட்டா மாறிடும், இன்னும் ஏறினா சுண்ணாம்பாவே போயிடும். சிப்பியோட பளபள பக்கமும் அதே அரகோனைட்டுதான், அதுவும் அப்படியே மாறும். அப்போ புடம் போட்டு வெள்ளை பொடியா வந்த பிறகு இது முத்துல செஞ்சதா சிப்பில செஞ்சதான்னு நம்மளால எப்படி கண்டுபிடிக்க முடியும்? முடியாது. முத்து பற்பம்னு லேபிள் ஒட்டி முத்து விலை வாங்கினா நம்பி குடுக்குறோம், அவ்வளவுதான். அதனால என் கணக்கு சிம்பிள், பற்பம்தான் வேணும்னா சிப்பி பற்பமே வாங்குங்க, அதுல ஏமாத்துறதுக்கு யாருக்கும் லாபம் இல்ல.

பிஷ்டின்னா நெருப்பு இல்லாம, பன்னீர் விட்டு கல்வத்துல நாள்கணக்கா அரைச்சு எடுக்குறது. வடக்க இதுதான் பிரபலம், முக்தா பிஷ்டி, பிரவாள பிஷ்டி, அப்புறம் மாணிக்க பிஷ்டி, மரகத பிஷ்டின்னு எல்லாம் இருக்கு. பித்தம் சூடு நெஞ்செரிச்சலுக்கு காமதுகா ரசம்னு ஒரு கூட்டு மருந்து குடுப்பாங்க, அதுல முத்து, பவளம், சிப்பி, சங்கு, பலகரை எல்லாம் போட்டு கூட சீந்தில் சத்தும் காவியும். எண்ணி பாருங்க, அஞ்சு பேரு, அஞ்சும் கால்சியம் கார்பனேட். மாமி கொண்டு வந்த பாக்கெட்டோட வாசனை நிஜமாவே நல்லா இருந்துச்சு, ரோஜா. ஆனா திருப்பி பாத்தா லைசன்ஸ் நம்பர் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, தயாரிச்ச ஊர் பேரு கூட பாதிதான் படிக்க முடிஞ்சுது. மாமிக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு வாங்கி பரண்ல வெச்சுட்டேன். இது மாமி படிச்சா மன்னிச்சுக்கோங்க.

யுனானில கமீரா மர்வாரீத்னு ஒன்னு, மர்வாரீத்னா முத்து. திருவல்லிக்கேணி பக்கம் யுனானி கடைங்கள்ல கேட்டா கிடைக்கும், ருசியா இருக்கும், ஆனா கமீரான்னா சக்கரைப் பாகு. சுகர் இருக்கறவங்க வீட்டுல இத கொஞ்சம் யோசிச்சு.

ரத்தினத்த ராத்திரி தண்ணில ஊற வெச்சு காலைல குடிக்கிறது, கல்ல ஆல்கஹால்ல போட்டு ஹோமியோ மாதிரி சர்க்கரை உருண்டைல சொட்டு விட்டு குடுக்குறதுன்னு இன்னும் ரெண்டு ரகம் சித்தி சொன்னாங்க. மாணிக்கம் எலுமிச்சைலயே கரையல, கார்ப்பரேஷன் தண்ணில கரையுமா, நகருவோம்.

உள்ளுக்கு சாப்பிடுற ரத்தின மருந்துல எனக்கு உண்மையான பயம் ஒன்னு இருக்கு, அது முத்தும் இல்ல பவளமும் இல்ல, மாணிக்கம். மலிவு மாணிக்கம்னு இன்னிக்கு மார்க்கெட்ல இருக்குறதுல நிறைய, விரிசல் விட்ட கல்லுக்குள்ள ஈயம் கலந்த கண்ணாடிய உருக்கி ஊத்தி அடைச்சது, 2004 வாக்குல இருந்து இது பரவிடுச்சு. மோதிரத்துல போட்டா நகைக்கடை ஏமாத்து, அதையே யாராவது பொடி பண்ணி மாணிக்க பிஷ்டின்னு குடுத்தா ஈயம் வயித்துக்குள்ள போகுது. கெம்பு கரையலன்னு பாத்தேன்ல, ஆனா அந்த கண்ணாடிக்கு அந்த கியாரண்டி கிடையாது. பொதுவாவே ஈயம், பாதரசம் விஷயத்துல அசட்டையா இருக்க முடியாது. 2008-ல அமெரிக்க மருத்துவ சங்கத்து இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, இன்டர்நெட்ல வித்த ஆயுர்வேத மருந்து 193 வாங்கி சோதிச்சதுல அஞ்சுல ஒன்னுல ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்துச்சு, உலோகமும் கல்லும் சேத்து செய்யுற ரச மருந்துல அது 40 சதவீதத்துக்கு பக்கம், வெறும் மூலிகை மருந்துல 17 சதவீதம். இதுக்காக எல்லா வைத்தியமும் விஷம்னு நான் சொல்லல, ஆஸ்பத்திரில உக்காந்து ஒரு ஆளு பாத்து குடுக்குறதுக்கும் பேட்ச் நம்பர் இல்லாத பாக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்த சொல்றேன். புத்துநோய்க்கு வைர பஸ்மம், சுகருக்கு இன்னொன்னுன்னு வாட்ஸப்ல வர்றத அப்படியே அழிச்சுடுங்க, அந்த ரெண்டு வியாதிக்கும் குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதே அதே 1954 சட்டத்துல தப்பு.

கடைசியா மாத்திரை. அண்ணன் கட்சி. மெடிக்கல் ஷாப்ல வாங்கிட்டு வந்து, பழக்க தோஷத்துல அட்டையோட பின்பக்கத்த படிச்சேன். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம், அதுல கால்சியம் 500 மில்லிகிராம், அதுக்கு பக்கத்துல சின்ன எழுத்துல ஆய்ஸ்டர் ஷெல்லுல இருந்து எடுத்ததுன்னு போட்டிருந்துச்சு. ஆய்ஸ்டர் ஷெல்! சிப்பி ஓடு! பெரியப்பாவுக்கு போன் போட்டு படிச்சு காட்டினேன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "நான்தான் அப்பவே சொன்னேன்ல"ன்னாரு. அண்ணனுக்கும் அனுப்பினேன், அவனும் அதேதான் சொன்னான். ஆறு மாசமா சண்ட போட்டவங்க ஒரே சிப்பிய வெச்சுக்கிட்டுதான் சண்ட போட்டிருக்காங்க.

ஆனா ஒரே சிப்பின்னாலும் அளவு வேற, அங்கதான் முடிவு மாறுது. பற்பம் வேளைக்கு 200 மில்லிகிராம், ரெண்டு வேளைன்னு வெச்சுக்கோங்க, 400. கார்பனேட்ல நூத்துக்கு நாப்பது பங்கு கால்சியம், அப்போ 160 மில்லிகிராம். புடத்துல கொஞ்சம் சுண்ணாம்பா மாறியிருந்தா இன்னும் கொஞ்சம் கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 கணக்குப்படி பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1000, மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு 1200. எலும்பு தேயுற ஆளுக்கு 160 எந்த மூலைக்கு? நூறு கிராம் கேழ்வரகுலயே 350 கிட்ட இருக்கு, ஒரு டம்ளர் பால்ல 240. ஆனா நெஞ்செரிச்சலுக்குன்னா கதை வேற, அங்க கால்சியம் எவ்வளவு சேருதுங்கறது கேள்வியே இல்ல, அமிலத்த முறிக்கணும், அதுக்கு வைத்தியர் குடுக்குற சங்கு பற்பம் வெண்ணெய்ல குழைச்சு சாப்பிட்டா போதும், அந்த வேலைக்கு அது சரியான ஆளுதான். அதே மருந்து, ஒரு கம்ப்ளெயிண்டுக்கு பத்தும், இன்னொன்னுக்கு பத்தாது.

மாத்திரை போடறதுலயும் எங்க வீட்டுல தப்பு நடந்துச்சு, இத முக்கியமா சொல்லணும். அம்மா காலைல எழுந்ததும் தைராய்டு, பாண்டோப்ரசோல், கால்சியம் மூணையும் ஒரே வாய் தண்ணில முழுங்கிட்டு இருந்தாங்க, வேலை முடிஞ்சுதுன்னு. கால்சியம் தைராய்டு மாத்திரைய பிடிச்சு வெச்சுக்கும், உள்ள சேர விடாது, ரெண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும். இது பற்பத்துக்கும் பொருந்தும், சிப்பி சிப்பிதானே. அப்புறம் அமிலத்த குறைக்கிற மாத்திரை போடுறவங்களுக்கு கார்பனேட் சரியா கரையாது, சாப்பாட்டோட சேத்து போடணும், இல்லன்னா சிட்ரேட் வகைக்கு மாத்திக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அம்மாவுக்கு சிட்ரேட்டுக்கு மாத்தி மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம்னு வெச்சுட்டோம். வைட்டமின் டி 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்னு, எட்டு வாரம். சென்னை வெயில்ல குடியிருந்துக்கிட்டு வெயில் சத்து குறையுதுன்னா சிரிப்பு வருது, ஆனா அம்மா வெயில்ல எங்க போறாங்க, வத்தல் காய வெக்க மாடிக்கு போனா கூட குடையோட போறாங்க.

பற்பத்தையும் மாத்திரையையும் டி-யையும் ஒருத்தருக்கும் சொல்லாம சேத்து அடிக்கிற ஆளுங்களும் இருக்காங்க, எங்க பெரியப்பா மாதிரி. ரத்தத்துல கால்சியம் ஏறினா வாந்தி, மலச்சிக்கல், கிட்னி கல்லுன்னு போகும். அரும்பாக்கம் டாக்டரம்மா சீட்ட கேட்டு வாங்கி பாத்தாங்களே, எங்க பெரியப்பாவுக்கு அதுக்கப்புறம்தான் தானும் தன் சீட்ட காட்டணும்னு உறைச்சுது.

ஸோ எங்க வீட்டு முடிவு என்னாச்சுன்னா, எலும்புக்கு மாத்திரையும் டி-யும், கூட ராத்திரி கேழ்வரகு கூழ். நெஞ்செரிச்சலுக்கு பாண்டோப்ரசோல படிப்படியா குறைக்கலாம்னு டாக்டர் சொன்னப்ப, நடுவுல தொந்தரவு வந்தா மட்டும் அரும்பாக்கத்துல குடுத்த சங்கு பற்பம், அதுவும் ரெண்டு டாக்டருக்கும் தெரிஞ்சு, மாத்திரை நேரத்துக்கு தள்ளி வெச்சு. பிஷ்டி பரண்லயே இருக்கு. மாணிக்கம் வைரம் உள்ளுக்குன்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுவோம்.

மோதிரம்? வாங்கினோம். அம்மா கேட்டாங்க, 64 வயசுல தனக்குன்னு ஒரு மோதிரம் கேட்டா அத எலும்பு கணக்குல எழுதணும்னு என்ன கட்டாயம். வெள்ளில, சின்ன நன்னீர் முத்து, நாப்பதாயிரத்துக்கு பக்கமே போகல, திங்கக்கிழமை மாட்டிக்கிட்டாங்க, சித்திக்கு போட்டோ போச்சு. நகைக்கடை பையன் ஒன்னு மட்டும் சொல்லி அனுப்பியிருந்தான், புளிப்பு பட்டா முத்து கெட்டுடும்மா, பளபளப்பு போயிடும். அதனால தினமும் புளி கரைக்கும்போதும் எலுமிச்சை பிழியும்போதும் அம்மா மோதிரத்த கழட்டி பிரிட்ஜ் மேல கால்சியம் டப்பா பக்கத்துல வெக்கிறாங்க. மறுபடி மாட்ட மறந்து போய் சாயங்காலம் தேடுறப்பதான் மத்தியானம் மாத்திரை போட்டோமா இல்லையான்னும் ஞாபகம் வருது.